மூடுபனியில் கேட்ட சீட்டி

என் பெயர் டோபயஸ் ஹாஸ்கன். தகப்பன் பெயர் ஜேகோ. வயது எழுபத்தொன்று. கார்ன்வால் கடற்கரை, பொர்த்வெல்லன் துறை, உப்புக்கிடங்குச் சந்தில் குடியிருக்கிறேன். ரூபன் செக்வினின் மீன்படகில் கூலியாள்.

எங்கள் துறையில் பையன்களுக்குக் கடற்சாரணர் படை என்று தொடங்கி இது இரண்டாவது கோடை. பள்ளி ஆசிரியர் லிட்ஜேட் அதற்குத் தலைவர். கடலோரக் காவலர் கழித்துப்போட்ட துடுப்புப் படகு ஒன்று அவர்களுக்கு உண்டு. படகில் சீட்டியடிப்பது புயலைக் கூப்பிடுவதாகும் என்பதால் எங்களில் எவனும் அடிப்பதில்லை. இவர்களோ ஒரே பாட்டை எந்நேரமும் அடிப்பார்கள். நான் அதட்டியதற்கு ஜோரி என்ற பையன், "எங்க விதியே அதுதான் தாத்தா, கஷ்டம் வந்தா சிரிச்சுக்கிட்டே சீட்டியடிக்கணும்" என்றான். உங்கள் விதியை எழுதியவர் மீன் பிடித்ததில்லை போல என்றேன்.

சென்ற செவ்வாய் காலை வலையைப் போட்டுவிட்டு நானும் ரூபனும் மூடுபனியில் காத்திருந்தபோது, பாறைத்திட்டின் பக்கமிருந்து சீட்டி கேட்டது. ரூபன் முகம் வெளுத்து, "நடுக்கடல்ல சீட்டியடிக்கிறது மனுசனா இருக்காது" என்று சொல்லிச் சுக்கானை மறுபக்கம் திருப்பினார். அப்போது பனி சற்று விலகியதில் எங்கள் பாய் திரும்புவதை ஆசிரியர் பார்த்திருக்கிறார். திட்டில் நின்ற அவரும் பையன்களும் எங்களுக்குத் தெரியவில்லை. "எங்களைப் பார்த்தும் முதலில் விட்டுவிட்டுப் போனான்" என்று அவர் ரூபன் மேல் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தது அதைப் பார்த்துத்தான்.

அதன்பின் நான் பையன்களின் விதியைச் சொன்னேன். கேட்டவுடன் ரூபன் படகைத் திருப்பினார். அதன்பின் இருவரும் கத்தினோம். பதில் இல்லை, சீட்டியும் நின்றுவிட்டது. கடல் ஏறிக்கொண்டிருந்தது, ஏறினால் அந்தத் திட்டு முழுகிவிடும். ரூபன் உட்கார்ந்தார், எழுந்தார், தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "பெருசு, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றார். அதன்பின் பையன்களின் பாட்டைச் சீட்டியடித்தார். முதலில் வெறும் மூச்சுத்தான் வந்தது. உதட்டை நக்கிக்கொண்டு மறுபடி அடித்தார். பனிக்குள்ளிருந்து பதில் சீட்டி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனோம்.

அவர்கள் படகு பிளந்து கிடந்தது. ஆசிரியர் மார்பளவு நீரில், பையன்களில் ஆகச் சின்னவனைத் தோளில் வைத்திருந்தார். ஜோரியை ஏற்றிய பிறகும் அவன் நீலம் பாய்ந்த உதட்டோடு சீட்டியடித்துக்கொண்டேயிருந்தான், ரூபன் தடுக்கவில்லை. யார் பதில் கொடுத்தது என்று ஆசிரியர் கேட்டபோது ரூபன் கடலைப் பார்த்தார், நான் மூக்கைச் சிந்தினேன். எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். மாலையில் புயல் கிளம்பி எங்கள் வலை முழுவதையும் கொண்டுபோயிற்று. "பாத்தியா" என்று மட்டும் ரூபன் சொன்னார்.

தம் படகில் தாமே சீட்டியடித்தார் என்று தெரிந்தால் துறையில் ஒருவனும் அவரோடு கடலுக்கு வரமாட்டான். ஆகவே சிறைக்குப் போனாலும் சரி என்று நீதிபதியான உங்களிடம் வாய் திறக்காமல் இருக்கிறார். நானும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது அவருக்குத் தெரியாது.

இதை நீதிபதி மனதுக்குள் வாசித்துக்கொள்ள வேண்டும், சபையில் உரக்க வாசிக்கலாகாது. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நானே என் கையால் எழுதி, நானே வாசித்துப் பார்த்து, உண்மை என்று கண்டது.

(ஒப்பம்) டோபயஸ் ஹாஸ்கன்
செப்டம்பர் 1911