மூன்றாம் வரிசைக் கேரவனின் கதவை நான் உடைத்தது பற்றி

என் பெயர் யூலாலியா ட்ரெவினோ. வயது 71. காலஞ்சென்ற ஹசிந்தோவின் மனைவி. டெக்சாஸ் மாநிலம் டோனா ஊரில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் பேத்தி மரிசெலா பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறாள். பேரன் ரோகெலியோ மெக்கானிக் உரிமத் தேர்வில் முதல் தடவையே தேறினான். கடைசிப் பேத்தி இட்ஸெல் மாநிலப் போட்டியில் டிரம்பெட் வாசித்துப் பரிசு வாங்கினாள். இது வழக்குக்குத் தேவையில்லை என்று வாக்குமூலம் எழுதிக்கொள்ளும் போலீஸ் அதிகாரி சொன்னார். கதவை உடைத்தவள் எந்த வீட்டு ஆள் என்று தெரியட்டும் என்று எழுதச் சொன்னேன்.

பத்தொன்பது வருடமாக அக்டோபரில் மினசோட்டாவுக்கு சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்கு வருகிறேன். முகாமில் எல்லோரும் வண்டியில் கட்டி இழுத்துவரும் கேரவன் வீட்டில்தான் தங்குகிறோம். 11ஆம் தேதி வியாழக்கிழமை கிழங்கு உறைந்துபோனதால் வேலை நிறுத்தம். நண்பகலில் பக்கத்துக் கேரவன் ஜெனெல் வந்து, "பாட்டி, ஹீட்டர் பத்தவே மாட்டேங்குது. பாப்பா கை ஜில்லுன்னு இருக்கு" என்றாள். நான் போய் ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது, மூன்று தடவை டிக் டிக் என்றது, தீ வரவில்லை. சமையல் அடுப்பைப் பற்றவைத்தேன், நீலமாக எரிந்தது, ஆகவே கேஸ் இருந்தது. காற்றாடி வேகமாகச் சுற்றியதால் பேட்டரியிலும் குறையில்லை. அதன்பின் அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே போய் ஹீட்டரின் புகைக்குழாயைப் பார்க்கலாம் என்றேன்.

ஜெனெலின் கணவன் டாரல் போர்வைக்குள் இருந்தபடியே, "ஹீட்டரோட கரண்ட் போர்டு போயிருச்சு பாட்டி. புதுசு திங்கக்கெழம வந்துரும். மெக்கானிக் உங்க பேரன்தானே, நீங்க இல்லையே" என்றான்.

"அவனுக்கு மூக்கு தொடச்சுவிட்டது யாருன்னு நெனச்ச?" என்றேன்.

சிரித்தான். அவன் வீடு, அவன் இஷ்டம் என்று வந்துவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் கேரவனுக்கு வரும்படி ஜெனெலிடம் சொன்னேன். பால் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

இரண்டு மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. இரண்டரை வரை அவள் வராததால் பீன்ஸ் சூப்பை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன, கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குளிருக்காகச் சமையல் அடுப்பின் மூன்று பர்னரையும் எரியவிட்டிருப்பது தெரிந்தது. மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் நச்சுக்காற்றுக்கான அலாரத்தின் பேட்டரியை, சமைக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று டாரல் கழற்றிவைத்தது எனக்குத் தெரியும். தட்டினேன், கூப்பிட்டேன். ஜெனெல் கட்டிலில் தலை தொங்க உட்கார்ந்திருந்தாள், குழந்தை மடியில் கிடந்தது. அதன்பின் டயர் கழற்றும் கம்பியைக் கொண்டுவந்து பூட்டைப் பெயர்த்தேன்.

எதிர் கேரவன் வெண்டல், "ஏ கெழவி, என்ன பண்ற? போலீஸக் கூப்புடறேன்" என்று கத்தினார்.

"கூப்புடு. ஆம்புலன்ஸையும் சேத்துக் கூப்புடு" என்றேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தேன், குழந்தையை முதலில் வெளியே கொண்டுவந்தேன். அது சத்தம் போடவில்லை. முகத்தில் பனி விழுந்ததும் தும்மியது, பிறகு அழுதது. சூப் என் காலில் கொட்டியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அதன்பின் நானும் வெண்டலும் மற்ற இருவரையும் இழுத்து வெளியே போட்டோம். மூவரும் பிழைத்துவிட்டார்கள் என்று ஐந்தரைக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

மறுநாள் அதிகாரியின் முன்னிலையில் புகைக்குழாயிலிருந்து பாத்திரம் தேய்க்கும் இரும்புநார் ஒரு கைப்பிடி எடுத்தேன். கேரவனை நிறுத்திப்போடும் மாதங்களில் குளவி கூடு கட்டாமலிருக்க அப்படி அடைப்பது எங்கள் வழக்கம். அடைத்தவர் மறக்காமலிருக்க இழுவை வண்டியின் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டவேண்டும். டாரல் கட்டியிருக்கிறான். ஜூலையில் அந்த வண்டியைத் துணியோடு விற்றுவிட்டான். அடைப்பை எடுத்ததும் ஹீட்டர் முதல் தடவையே பற்றியது.

டாரல் போனில், "பாட்டி, அந்தத் துணி இப்ப எந்த ரோட்டுல ஓடுதோ" என்றான்.

"ஓடட்டும். நீ இருக்கல்ல" என்றேன்.

கதவைப் பற்றி அவனுக்குப் புகார் இல்லை.

நான் சொன்னதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையது.

யூலாலியா ட்ரெவினோ

கையெழுத்துக்குக் கீழே இதையும் எழுதச் சொன்னேன்: ஜெனெல் அனுப்பிய படத்தில் குழந்தையின் மூக்கில் குழாய் இருக்கிறது. அதை நான் சுவரில் மாட்டமாட்டேன். குழாய் இல்லாமல் புதுப் படம் ஒன்று எடுத்து டோனாவுக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.