பசுவின் காதும் நான் தூக்காத கையும்

அவைக்கு அணிசெய்யும் நகரமன்றத் தலைவர் அவர்களே, பாசல் நகரத்து அச்சகப் பெரியோர்களே, தாய்மார்களே, முதல் வரிசையில் கறுப்புடையில் அமர்ந்திருக்கும் காஸ்பாரின் துணைவியார் வெரேனா அம்மையாரே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மறைந்த ஓவியன் காஸ்பார் ஷ்டுக்கியைப் புகழச் சொன்னார்கள். புகழத்தான் வந்தேன். பின்சுவரில் தொங்கும் அவனுடைய பசுப் படம் என்னைப் புகழ விடவில்லை.

சுவரொட்டி அச்சிடும் கல்லிலே கரிக்கோல் பிடித்துக் கவிதை செய்தவன் காஸ்பார். கட்டம் போட்டுக் காலம் கழித்தவன் நான். "பசு எங்க பாத்தாலும் ஒரு காது கன்னுக்குட்டி பக்கம்தான் இருக்கும்டா ஆல்பின். உனக்கெதுக்கு அதெல்லாம், நீ ஸ்கேல் வச்சுக் கோடு போடு" என்று சீண்டுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பால் விளம்பரச் சுவரொட்டிப் போட்டி. நம் வழக்கப்படி படத்தில் பெயர் இல்லை, குறிச்சொல் மட்டுமே. பெயர் தனியே, ஒட்டி மூடிய உறைக்குள். ஐந்து நடுவர்களில் நான் ஒருவன். ஒரு பசு வந்தது. அதன் காது கன்றின் பக்கம் திரும்பியிருந்தது. யார் கை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது. இரண்டு கைகள் உயர்ந்தன, இரண்டு உயரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நண்பனுக்குச் சாய்ந்தான் என்று எவரும் சொல்லிவிடக் கூடாதே, என் நேர்மைக்குக் கறை படக் கூடாதே! கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பசு தோற்றது.

பின்வரிசையில் ஒருவர் "விதி அதானே" என்கிறார். ஐயா, ஆளைத் தெரிந்தால் எழுந்து வெளியே போ என்பதுதான் விதி. நான் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் காஸ்பார் பசு வரைந்தானா? சுவரொட்டி வரைந்தானா? மருந்து ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மாத்திரைப் பெட்டிகளுக்குக் கட்டம் போட்டான், என்னைப்போலவே ஸ்கேல் வைத்து. ஏன் என்று கேட்க எனக்கு வாய் ஏது? போன குளிர்காலத்தில் அவனைப் புதைத்தோம்.

நேற்று அந்தப் படத்தை மாட்டும்போது, என் மனதில் இருந்தது எதுவும் அறியாத வெரேனா சொன்னார்: "நடுவர் அறிக்கையில யார் யார் ஓட்டுப் போட்டாங்கன்னு அவரு படிச்சாருங்க. 'அந்தக் காதைப் பாத்தா ஆல்பினுக்கு என் கைன்னு தெரியாம இருக்காது. அவனே கை தூக்கலைன்னா, படம் நிஜமாவே நல்லா இல்லைன்னுதான் அர்த்தம்'னாரு. அன்னிக்குக் கரிக்கோலை எடுத்து வச்சவருதான், அப்புறம் தொடவே இல்ல."

வெரேனா அவர்களே, படம் நன்றாக இருந்தது. வந்தவற்றில் அதுவே சிறந்தது. என் பெயரைக் காக்க நான் பொய் சொன்னேன், என்னை நம்பி அவன் வரையும் கையை நிறுத்திக்கொண்டான். கேட்க அவன் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள், இந்த அவை இருக்கிறது.

இதோ, என் கையைத் தூக்குகிறேன். காஸ்பாரின் பசுவுக்கு என் வாக்கு.

இந்தக் கிழவனைப் பேசவிட்டதற்கு நன்றி. போகும்போது அந்தக் காதை ஒருமுறை நின்று பாருங்கள். வணக்கம்.