டூப்ளிகேட் மருந்து

இல்ல அண்ணி, டீயெல்லாம் வேணாம், உக்காருங்க. நீங்க எனக்காக எந்திரிச்சா சங்கடமா இருக்கு. அன்னைக்குத் துக்க வீட்டுக் கூட்டத்துல உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியல. நான் பூட்டுக்கடைக்காரன். அண்ணன் சொல்லியிருப்பாரே, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால டூப்ளிகேட் சாவி போடுறவன்னு. ஆங், அவனேதான். வாயை மூட மாட்டான்னு சொன்னாரா? சொல்லுவாரு, சொல்லுவாரு. அவரு மட்டும் என்னவாம்! மூட்டு டாக்டர் ரூம் வாசல்ல நாங்க ரெண்டு பேரும் உக்காந்தா நர்ஸம்மா வந்து கத்திட்டுப் போகும்.

அங்கதான் பழக்கமே. ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு. நம்ம உடம்பே நம்ம மூட்டைத் திங்கிற சீக்கு. எனக்குக் கை, அவருக்குக் கையும் முட்டியும். முதல் தடவை பாக்கும்போது சட்டையில மேல் பட்டன் போடாம உக்காந்திருந்தாரு. நான் வேற, என்னண்ணே, ரவுடி மாதிரி இருக்கீங்கன்னுட்டேன். போட முடிஞ்சா போட மாட்டேனாடான்னாரு. அப்புறம் பாத்தா எனக்கும் அதே கதிதான். ஊர்ல இருக்குற பூட்டையெல்லாம் தொறக்குறவனுக்குச் சொந்த சட்டையில பட்டன் போட வரல. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.

அப்புறம்தானே அந்த ஊசி வந்துச்சு. பேனா மாதிரி இருக்குமே, தொடையில வச்சு அமுக்கினா உள்ள போயிடும். சத்தியமாச் சொல்றேன் அண்ணி, அதைப் போட ஆரம்பிச்சப்புறம்தான் நான் மனுஷனானேன். காலையில எந்திரிச்சு விரலை மடக்குனா மடங்குது! என் பொண்டாட்டியைக் கூப்பிட்டு மடக்கி மடக்கிக் காட்டுறேன், பைத்தியமான்னு கேக்குறா. அண்ணன் மறுபடி ஸ்கூல் வேனை எடுத்தாரு. பிள்ளைங்களத் தூக்கி ஏத்துவாரு, எறக்குவாரு. உங்களுக்குத் தெரியாததா.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, கண்ணு பட்ட மாதிரி மருந்தை மாத்திட்டாங்க. இனிமே அந்தக் கம்பெனி ஊசி ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாது, அதே மாதிரி இன்னொரு கம்பெனி செய்யுது, விலை கம்மி, எல்லாரும் அதுக்கு மாறிக்கோங்கன்னாரு டாக்டர். அதே மாதிரின்னா என்ன சார், டூப்ளிகேட்டான்னு கேட்டேன். அப்படிச் சொல்லாதீங்க, நல்லாப் பரிசோதிச்சுத்தான் விடுறாங்க, வேலை ஒண்ணுதான்னாரு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. சார், நான் தினம் டூப்ளிகேட் போடுறவன், எனக்கேவான்னு கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, நீங்க போட்ட சாவியில கதவு தொறக்குதா இல்லையான்னாரு. தொறக்கும் சார், ஆனா ஒரு ஆட்டு ஆட்டணும், நாலு மாசத்துல தேஞ்சு வரும்னேன். மனுஷன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு.

அதுலேர்ந்து போச்சு அண்ணி என் கை. பாருங்க, இந்த விரல் எப்படிச் சாஞ்சு கிடக்குதுன்னு. பரவால்ல, தொட்டுப் பாருங்க, வலிக்கும்தான், பாருங்க. மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கு. எங்ககூட ஊசிக்கு வருமே ஒரு டீச்சரம்மா, அதுக்கும் மாத்திட்டாங்க. நல்லாத்தான் இருக்கேன், பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசமே தெரியலைங்குது. உங்களுக்கு ராசின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வயித்தெரிச்சல்.

போன வாரம் ஒரு பொண்ணு கடைக்கு ஓடி வருது, செருப்புகூட இல்ல. குழந்தை உள்ள இருந்துக்கிட்டுக் கதவைச் சாத்திடுச்சு, பூட்டு விழுந்துடுச்சு, அடுப்புல பால் இருக்கு, வாங்கண்ணாங்குது. போனேன். சாதா பூட்டு அண்ணி, முன்னெல்லாம் பேசிக்கிட்டே தொறந்துடுவேன். கம்பியை உள்ள விட்டேன், நழுவிடுச்சு. திரும்ப விட்டேன், பிடிமானமே இல்ல, விரலு எனக்கென்னன்னு இருக்கு. உள்ள குழந்தை கத்துது, தீஞ்ச வாடை வருது. கடைசியில பக்கத்து வீட்டுக்காரரு வந்து கதவை எட்டி உதைச்சு ஒடைச்சாரு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். ஆனா அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. அதுக்கப்புறம் கடையைத் தொறக்கவே மனசு வரல. இந்தக் கையை விட்டா எனக்கு என்ன இருக்கு? வேற எந்த வேலையும் தெரியாது அண்ணி, செத்துடலாமான்னுகூட இருந்துச்சு. ச்சீ, உங்ககிட்ட வந்து இதைச் சொல்றேன் பாருங்க, நான் ஒரு மடையன். மன்னிச்சுக்கோங்க.

அண்ணன் மட்டும் ஜம்முன்னு இருந்தாரு. வேனை நிறுத்திட்டுக் கடைக்கு வருவாரு, ஸ்டியரிங்கைத் திருப்புற மாதிரி கையைச் சுத்திக் காட்டுவாரு, எப்படிடா இருக்கேன்னு. பாத்தாலே தெரியும், இவருக்கு மட்டும் பழைய ஊசிதான் வருது. நீங்க பெரிய கம்பெனியில வேலை பாக்குறீங்கல்ல, உங்க இன்ஷூரன்ஸ்ல குடுக்குறாங்க போலன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ஒரு தடவைகூட வாயைத் தொறந்து கேக்கல. கேட்டா, எனக்கும் ஒண்ணு குடுங்கன்னு பிச்சை கேக்குற மாதிரி ஆயிடுமேன்னு ஒரு வீம்பு. அவரு அந்தப் பக்கம் திரும்பினதும் அவரு கையையே பாத்துக்கிட்டு இருப்பேன்.

கடைசியில நெஞ்சுவலி வந்து இப்படிப் போயிட்டாரே. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டர் சொன்னாரில்ல? ஆமா, அவங்க அப்பாவும் இப்படித்தான் போனாருன்னு அண்ணனே சொல்லியிருக்காரு. நல்ல மனுஷன் அண்ணி. அழுங்க, பரவால்ல, அடக்காதீங்க.

நான் எதுக்கு வந்தேன்னா... துக்கம் விசாரிக்கத்தான் வந்தேன். ஆனா அது மட்டும் இல்ல. நேத்தும் உங்க தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. கேட்டா நீங்க என்னை வெளிய போன்னு சொல்லலாம், சொன்னாலும் தப்பில்ல. அண்ணனோட ஊசி... ஃப்ரிட்ஜ்ல மிச்சம் ஏதாவது இருக்கா அண்ணி? இனி அது உங்களுக்கு எதுக்கும் ஆகாது, தூக்கித்தான் போடுவீங்க. ஒண்ணு இருந்தாகூடப் போதும். ஒரே ஒரு வாரம் இந்த விரல் மடங்குனா போதும், அப்புறம் நடக்குறது நடக்கட்டும்.

இருக்கா? ஐயோ, சாமி. உங்க கால்ல விழுறேன் அண்ணி. இல்ல இல்ல, நான் உக்காந்துதான் இருக்கேன், நீங்க பாத்துப் போங்க. காய் வைக்கிற தட்டுலயா வச்சிருக்கீங்க? சரி சரி, மெதுவா எடுங்க.

இது என்ன அண்ணி? இது பச்சை மூடி. பழசுக்கு நீல மூடில்ல? வேற டப்பா எதுவும் இருக்கா? இது மட்டும்தானா?

எப்பலேர்ந்து?

எல்லாருக்கும் மாத்துனப்பவே மாத்திட்டாங்களா? அப்போ இதைப் போட்டுக்கிட்டா அத்தனை பிள்ளைங்களையும் தூக்கி எறக்குனாரு? இதைப் போட்டுக்கிட்டா என் கடையில வந்து கையைச் சுத்திக் காட்டுனாரு? உங்க இன்ஷூரன்ஸ்ல? ஓ, அதுலயும் இதேதானா. சொல்லவே இல்லையே. நானும் கேக்கல, ஆமா. நான் எங்க கேட்டேன்.

வேணாம், உள்ள வச்சிடுங்க. இதே டப்பா என் வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் இருக்கு. முதல் ஊசி மட்டும் போட்டேன் அண்ணி. எரிஞ்சுது, தொடையில செவசெவன்னு தடிப்பு வந்துச்சு. பாத்தியா, டூப்ளிகேட்டு புத்தியைக் காட்டுதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒண்ணுகூடப் போடல. ஊசி போடுற கிழமை வந்தா ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஒண்ணை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குப் போவேன், கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவேன், பொண்டாட்டி வலிச்சுதான்னு கேப்பா, லேசான்னு சொல்லுவேன். அதைக் கடைக்குக் கொண்டுபோய் சாவித் தூள் கொட்டுற டப்பாவுக்குள்ள போட்டுடுவேன். டாக்டர்கிட்டயும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுறேன். மருந்து கேக்கலன்னு கையை நீட்டிக் காட்டுறேன், அவரும் பாவம் என்னென்னவோ மாத்திரை எழுதிப் பாக்குறாரு.

என்னை அப்படிப் பாக்காதீங்க அண்ணி.

அண்ணனுக்கு நீங்கதானே போட்டுவிடுவீங்க? நாளைக்கு என்னோடதை எடுத்துட்டு வரேன், எனக்கு ஒண்ணு போட்டுவிடுறீங்களா? நானே போட்டுக்கலாம்னுதான் இருந்தேன். மூடியைத் திருகிக் கழட்டணுமே, அதுக்கே இப்ப இந்த விரல்ல பலம் இல்ல. வீட்ல போடச் சொல்ல முடியாது அண்ணி. இத்தனை நாள் எப்படிக் கழட்டுனேன்னு கேப்பா.