பிளாங்க் ஓட்டாத இருபது நிமிஷம்

— கதவைச் சாத்தும்மா. இப்ப மறுபடி சொல்லு. எதை ஓட்டல?

— பிளாங்க், சார். ஒரு சாம்பிள் முடிஞ்சு அடுத்தது போடறதுக்கு முன்னாடி, மெஷினைக் கழுவி விட வெறும் கரைப்பானை ஓட்டணுமில்ல... அதை ஓட்டல.

— எனக்கே பாடம் எடுக்கறியா? இந்த லேபோட தலைமை வேதியியல் நிபுணர்மா நான். இருபத்தாறு வருஷ சர்வீஸ். நீ காலேஜ்லேர்ந்து ரெண்டு மாசப் பயிற்சிக்கு வந்த பொண்ணு. புரியுதா?

— புரியுது சார். அதான் உங்ககிட்டயே சொல்ல வந்தேன். முதல்ல போட்டது வேற கேஸோட பூச்சிமருந்து பாட்டில். அடுத்தது, செத்துப்போன அந்தப் பெரியவர் கடைசியா குடிச்ச பால். பாட்டில் விஷம் மெஷின்ல ஒட்டிக்கிட்டு பால்ல இருக்கற மாதிரி காட்டிடுச்சு. நம்ம ரிப்போர்ட்டை நம்பித்தான் அந்த வீட்டுச் சமையல்காரம்மாவை ஜெயில்ல வெச்சிருக்காங்க. இன்னையோட பதினோரு நாள்.

— ஃபைல்ல பிளாங்க் தாள் இருக்கே! என் கண்ணால பார்த்தேன்.

— அது முந்தின நாள் தாள், சார். தேதியை மாத்தி நகல் எடுத்து சொருகிட்டேன்.

— அடிப்பாவி! எதுக்கு?

— பிளாங்க் ஓட இருபது நிமிஷம் ஆகும். கீழ குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டாங்க.

— எந்த போட்டோ?

— நம்ம லேபுக்குத் தரச் சான்றிதழ் குடுத்தாங்களே, அந்த விழா போட்டோ. நீங்க சான்றிதழைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல, நான் ஓரத்துல பல்லைக் காட்டிக்கிட்டு. அம்மா ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டிட்டாங்க. அங்க உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியல சார்.

— அழாத. நீ அழுதா எனக்கு யோசனை ஓடாது. இது யார் யாருக்குத் தெரியும்?

— இந்த ரூம்ல நம்ம ரெண்டு பேருக்குத்தான் சார்.

— அப்ப ஒண்ணுமே நடக்கல. பால்ல நிஜமாவே விஷம் இருந்திருக்கலாமில்ல?

— மிச்சப் பாலை நேத்து ஒழுங்கா பிளாங்க் ஓட்டிட்டு மூணு தடவை போட்டுப் பார்த்தேன். வெறும் பால், சார்.

— யாரைக் கேட்டுப் போட்ட? ரிப்போர்ட்ல என்ன இருக்கு தெரியுமா? ‘ஒவ்வொரு கட்டமும் என்னால் நேரில் சரிபார்க்கப்பட்டது.’ கீழ என் கையெழுத்து! இயக்குநர் நாற்காலி அடுத்த மாசம் காலியாகுது. இப்ப போய் நான் ஊர் முன்னாடி மூக்கறுபட்டு நிக்கணுமா?

— அந்தச் சமையல்காரம்மாவோட பொண்ணு நேத்து ஸ்கூல் யூனிஃபார்மோட கேட்ல வந்து நின்னா சார். ‘டெஸ்ட் பண்ணவங்களைப் பார்க்கணும்’னு செக்யூரிட்டிகிட்ட கெஞ்சிக்கிட்டிருந்தா. நான் பின்வாசல் வழியா நழுவிட்டேன்.

— அதெல்லாம் கோர்ட் பார்த்துக்கும். உன் பயிற்சிச் சான்றிதழ்ல ‘மிகச் சிறப்பு’ன்னு எழுதித் தர்றேன், வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு கிளம்பு. என் கையெழுத்து இல்லாம இந்த லேபை விட்டு ஒரு துண்டுத் தாள் வெளிய போகாது. புரியுதா?

— புரியுது சார். அதான் காலைல நீங்க போன் பேசிக்கிட்டே கையெழுத்து போட்டுத் தள்ளினீங்களே, அந்தக் கட்டுக்குள்ள கோர்ட்டுக்குத் திருத்தக் கடிதத்தையும் வெச்சேன். பத்து மணிக்கே ஆள் எடுத்துக்கிட்டுப் போயாச்சு.

— என்... என்ன எழுதித் தொலைச்ச அதுல?

— தப்பு பண்ணது நான்னு, சார். கண்டுபிடிச்சது நீங்கன்னு.