தொண்ணூறு நாள் தாண்டிய பில்கள்

— பாத்ரூம் டைல்ஸ் வாங்கின டாக்டர் என்னதான் சொல்றான்?

— கலர் பிடிக்கலையாம், சார்.

— ஒட்டி, எட்டு மாசமா அதுமேல நின்னு குளிச்சாச்சு. இப்பதான் கண்ணு தெரிஞ்சுதாமா?

— பேத்துத் திருப்பிக் குடுங்க, பில்லைக் கிழிச்சுடறேன்னேன். போனை வெச்சுட்டாரு.

— ஜிம்காரன்?

— அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம்.

— போன தடவையும் அதேதானே?

— போன தடவை மாமியார். அதுக்கு முந்தி நாய்.

— த்தூ. ஒருத்தனுக்கும் வெக்கமில்ல. உனக்கும் இல்ல. போன்ல கொஞ்சிக்கிட்டு இருந்தா எவன் குடுப்பான்? புரியுதா?

— எனக்கு ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி, சார்.

— வசூல் வந்தா சம்பளம். லிஸ்ட்ல பாதி வரலைன்னா திங்கக்கிழமை நீ வராதே.

— அதான் இன்னைக்கு நேர்லயே கிளம்பிட்டேன். தொண்ணூறு நாள் தாண்டின பில்லா எடுத்து, பெரிய தொகையிலேருந்து.

— இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு. முதல்ல யாரு?

— உங்க மச்சான்.

— யாரைக் கேட்டுப் போனே?

— கம்ப்யூட்டரைக் கேட்டு. நாலரை லட்சம், பதினாலு மாசம், ஒத்தக் காசு வரவு இல்லைன்னு காட்டுச்சு. எவனா இருந்தாலும் விடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?

— முட்டாள். அவன் குடும்பத்து ஆளு. தரும்போது தருவான்.

— தந்தாச்சுங்கறாரு, சார். மாசாமாசம் உங்க கையில, ரொக்கமா. மொத்தத் தொகைக்கும் பன்னெண்டு ரசீது எடுத்து வெச்சாரு. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து.

— கதவைச் சாத்து.

— சாத்திட்டேன்.

— இங்க பாரு. பதிய மறந்துட்டேன், அவ்வளவுதான். இந்தா, உன் ரெண்டு மாசச் சம்பளம். எண்ணிக்க. இந்தப் பேச்சு இந்த ரூமைத் தாண்டக் கூடாது. புரியுதா?

— சரியா இருக்கு, சார். கையெழுத்து எங்க போடணும்?

— ஒண்ணும் வேண்டாம். அவன்கிட்ட நீ என்ன சொன்னே?

— நான் வாயே திறக்கல. அம்மாதான் பேசினாங்க.

— எந்த அம்மா?

— உங்க வீட்டம்மாதான். தம்பி வீட்டுக்கு வந்திருந்தாங்க. ரசீதை ஒண்ணு விடாமப் பாத்தாங்க. கடை அவங்க பேர்லதானே, சார்? என் ஸ்கூட்டர்லயே ஏறி வந்துட்டாங்க. கீழ கல்லாவுல உக்காந்திருக்காங்க. நாலரை லட்சத்தை உங்ககிட்ட வசூல் பண்ணிட்டு வரச் சொல்லி என்னை மேல அனுப்பினாங்க.