நாலாவது டிராக்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது நம் மேடைக்கு விளக்குப் போடும் லைட்காரரின் மச்சானுக்கு நேர்ந்தது. கீபோர்டு வாசிப்பவர்.

இரவு பத்தே முக்கால். ஊருக்கு வெளியே ஒரு சாலை... விளக்கு இல்லை, நாய் கூட இல்லை. ஸ்கூட்டரில் தனியாகப் போனார். வானொலித் தொடர் ஒன்றின் முகப்பு இசையை மறுநாள் காலை பத்து மணிக்குக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை சொல்லியாயிற்று. மூன்றாவது தடவை சொன்னால் வேலை வேறு ஆளுக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய ரெக்கார்டர் டேப்பை மென்று துப்பியிருந்தது. விளம்பரம் பார்த்து, பழைய ரெக்கார்டர் பெட்டி ஒன்றை வாங்கக் கிளம்பிவிட்டார்.

விற்கிறவர் பெட்டியை முன்பே வீட்டு வாசலைத் தாண்டிச் சாலையில் கொண்டுவந்து வைத்திருந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"எங்க தம்பியோடது. அவன் இப்ப இல்லை. எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பி மட்டும் கொண்டு வந்துடாதீங்க."

நாலு டிராக் பெட்டி அது. ஒரே கேசட்டில் நாலு தனிப் பாதைகள். எதில் தப்பு வந்தாலும் அதை மட்டும் அழித்து மறுபடி வாசிக்கலாம். டிரம் மெஷின் முதல் பாதையில், பேஸ் இரண்டில், வயலின் குரல் மூன்றில்... ஒன்றரை மணிக்குள் எல்லாம் கச்சிதம். பாக்கி மெட்டு மட்டும்தான், நாலில்.

மெட்டின் நடுவே சுண்டுவிரல் எட்டித் தாவ வேண்டிய இடம் ஒன்று. தாவியது. வழுக்கியது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று ஹெட்போனை மாட்டினார்.

தப்பு வந்த இடத்தில், காதோரம்...

"ச்சு."

யாரோ சலித்துக்கொண்ட சத்தம். கீபோர்டிலிருந்து நேராக ஒயர். அறையில் மைக்கே கிடையாது.

பக்கத்து அறைக்குப் போய் மனைவியை எழுப்பினார்.

"நீதானே உச்சுக் கொட்டினே?"

"கொட்டறதா இருந்தா உங்களைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே கொட்டியிருப்பேன். படுக்க விடுங்க."

அழித்தார். வாசித்தார். வழுக்கியது. "ச்சு." ஸ்பிரிட் தொட்டு, டேப் உரசும் ஹெட்டைத் துடைத்தார், அறையெல்லாம் ஆஸ்பத்திரி வாடை. கவர் பிரிக்காத புதுக் கேசட்டைப் போட்டு, மூன்று பாதைகளையும் முதலிலிருந்து ஏற்றினார். மெட்டு வாசித்தார். "ச்சு." அவருக்குப் பயமே வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. சொந்தத் தப்பே தொண்டையில் முள்ளாக நிற்கிறது, இதில் இன்னொருத்தன் சலிப்பு வேறா?

இருபதாவது தடவை கேட்டபோது கை நின்றுவிட்டது. "ச்சு" முதலில் வந்தது... விரல் அதற்குப் பிறகுதான் வழுக்கியது.

மணி நாலு. கீபோர்டு ஒயரைப் பிடுங்கி வீசினார். ரெக்கார்டு பட்டனை ஓங்கி அழுத்தினார்.

"அவ்வளவு தெரிஞ்சவன்னா நீயே வாசிச்சுத் தொலை!"

போய் முகம் கழுவினார். திரும்பி வந்து பார்த்தால்... எந்த ஒயரும் இல்லாத பெட்டியில், நாலாவது டிராக்கின் மீட்டர் முள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

போட்டுக் கேட்டார். முழு மெட்டு. அந்தத் தாவல் தண்ணீரில் மீன் துள்ளின மாதிரி. சலிப்புச் சத்தம் இல்லை. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை. ஆனால் அதைவிட, வயிறு எரிந்தது.

பத்து மணிக்குக் கேசட்டைக் கொடுத்தார். தயாரிப்பாளர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அடேயப்பா! யாருங்க வாசிச்சது?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் யோசித்தார்.

"நான்தான் சார்."

"அப்ப அந்தத் தாவலை ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன். எல்லாரும் பார்க்கட்டும்."

ஸ்டூடியோ ஆட்கள் சுற்றி நின்றார்கள். பெட்டி வீட்டில், பூட்டின அறையில். கீபோர்டில் கை வைத்தார். மெட்டு நன்றாகத்தான் போயிற்று. தாவல் நெருங்கியது... நாலு ஸ்வரம்... மூன்று...

"ச்சு."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சத்தம் அவர் வாயிலிருந்துதான் வந்திருந்தது.

விரல் இன்னும் வழுக்கவே இல்லை.