கயிற்றில் ஏறிப் போனவன்

பகல் மூன்று மணி.

சிரிக்காதீர்கள்... பேய் என்றால் நைட் ஷிஃப்ட் மட்டும்தான் பார்க்கும் என்று யார் சட்டம் போட்டது? நல்ல வெயில். மண் ரோடு. இரண்டு பக்கமும் முள், ஒரு கரண்டுக் கம்பம்கூடக் கிடையாது. அதில் ஒரு வேன் மட்டும் குலுங்கிக் குலுங்கிப் போகிறது.

கிட்ட வந்து உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

எனக்கு நடந்ததில்லை. டயர் கடை வைத்திருக்கிற என் கூட்டாளியுடைய அக்காள் புருஷனுக்கு நடந்தது. அவரை எல்லோரும் மேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கூரியர் ஆபீசில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். சுரங்கத் துறைக்காரர்கள் பழைய வரைபடங்களை எல்லாம் நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் இல்லையா? அதை எடுத்துச் சாட்டிலைட் படத்தின்மேல் பொருத்துவார். புதருக்குள் கறுப்பாக ஒரு பொட்டுத் தெரியும். அதுதான் குழி. மூடிப் போட்டு, ஊரே மறந்துபோன சுரங்கம்.

அதில் இறங்கிப் பழைய விளக்கு, பித்தளைத் தகடு, எனாமல் போர்டு என்று ஏதாவது எடுத்து வருவார். பழம்பொருள் பைத்தியங்கள் இருக்கிறார்கள்... துருவுக்குத் தனி விலை கொடுப்பார்கள். ஆனால் மனிதர் மனதில் இருந்தது விளக்கு இல்லை. யாரோ அவசரத்தில் விட்டுப் போன ஒரு பெட்டி. என்றைக்காவது ஒரு பெட்டி.

கூட்டு, ஒரு வெல்டர். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே தட்டில் சாப்பிட்டவன். குழிமேல் நிறுத்துகிற முக்காலியும், கயிற்றை இழுக்கிற மோட்டாரும் அவனே செய்தது. மேப்பு இறங்குவார், வெல்டர் மேலே நிற்பான். மூன்று முறை கயிற்றை இழுத்தால் தூக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

இந்தப் புதையல் கூட்டத்துக்கு நெட்டில் ஒரு சபை உண்டு. ஒவ்வொரு குழியின் பெயருக்குக் கீழேயும் போய் வந்தவர்கள் எழுதுவார்கள். அங்கே ஒரு தொழில் ரகசியம்... நல்ல சரக்குக் கிடைத்த குழிக்குக் கீழே எவனும் உண்மையை எழுத மாட்டான். ‘காலி’ என்பான். ‘பாம்பு’ என்பான். மற்றவன் வரக் கூடாது அல்லவா? அன்றைக்கு வேனில் தேடிப் போன குழிக்குக் கீழே ஒரே ஒருவன் எழுதியிருந்தான். ‘இறங்காதீர்கள். இறங்கினால் இடுப்புக் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.’

வெல்டர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானாம்.

“காலிக் கடைக்கு எவன்டா இத்தனை பூட்டுப் போடுவான்? உள்ள சரக்கு இருக்கு மாப்ள!”

மேப்புக்கும் அதே கணக்குத்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சந்தையில் வளர்ந்த புத்தி, எச்சரிக்கையைக்கூட விளம்பரமாகத்தான் படிக்கும்.

இறங்கினார். ஈர இரும்பு வாசனை. வௌவால் எச்சம். சொட்டு... சொட்டு... எங்கேயோ தண்ணீர். அடியில் பக்கவாட்டில் ஒரு பாதை போயிற்று. கயிறு அத்தனை நீளம் எட்டவில்லை. அவிழ்த்தார். வளையத்தை ஓர் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

தூசிக்கு இருமினார். எதிரொலி வந்தது. சரி... கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு இருமல். இவர் இருமவில்லை. இவருடைய இருமல்தான், ஆனால் இவருடையதைவிடத் தெளிவாக இருந்தது. கூடவே ஒரு வாசனை. சோப்பு. காலையில் இவர் போட்டுக் குளித்த அதே சோப்பு.

திரும்பி ஓடினார்.

கயிறு மேலே போய்க்கொண்டிருந்தது... விறைப்பாக, பாரத்தோடு. லைட்டை உயர்த்தினார். இரண்டு வெறும் பாதங்கள். தண்ணீரில் ஊறினது போல வெளுத்த பாதங்கள். வெளிச்சத்துக்குள் ஏறி மறைந்தன. மோட்டார் நின்றது.

மேலே வெல்டர் குரல். “ஷூ எங்கடா?”

“கீழ சேத்துல மாட்டிக்கிச்சு. வா, போலாம்.”

அது மேப்புவின் குரல்.

இவர் தொண்டை கிழியக் கத்தினார். “டேய்! நான் இங்க இருக்கேன்டா! அது நான் இல்லடா!”



“மாப்ள... கீழ யாரோ கத்தற மாதிரி இல்ல?”

“எதிரொலிடா. என் குரல்தானே அது?”

வெல்டர் யோசித்தான். யோசித்துவிட்டு, கயிற்றைச் சுருட்டினான். வேன் கிளம்பியது.

மேப்பு பிழைத்தது அவருடைய கம்ப்யூட்டர் புண்ணியம். பழைய வரைபடத்தில் தண்ணீர் வடிகிற சின்னச் சுரங்கம் ஒன்று பார்த்த ஞாபகம் இருந்தது. ராத்திரி முழுக்க வயிற்றால் ஊர்ந்து அதன் வழியே வெளியே வந்தார். இடுக்கில் கழுத்து மாட்டும்போதெல்லாம் ஒரே நினைப்பு... அது என் வீட்டுக்குப் போயிருக்கும். என் பெண் அங்கே இருக்கிறாள்.

லாரி பிடித்து ஊர் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. நேராக டயர் கடை. முழுக் கதையும் கேட்ட என் கூட்டாளி முதலில் வெல்டருக்குப் போன் போட்டு இவர் கையில் கொடுத்தான்.

“டேய், நான்தான்டா பேசறேன்...”

“யாரு நீ? அவன நேத்தே வீட்டு வாசல்ல எறக்கி விட்டுட்டேன். இப்பகூடப் பேசினான். யாருடா நீ, அவன் குரல்ல பேசற?” வைத்துவிட்டான்.

ஒரே தட்டில் சாப்பிட்டவன்!

கூட்டாளி போனை வாங்கிக்கொண்டான். “அத்தான்... மதியம் அக்கா பேசினா. ‘உங்க அத்தான் திருந்திட்டாருடா, கம்ப்யூட்டர மூடியே வெச்சுட்டாரு, பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லித் தராரு’ன்னா. அவ அப்படிச் சிரிச்சுக் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு.”

அசலைவிட நகல் நன்றாக ஓடுவதைச் சந்தையில் நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஓடும் என்று நினைத்ததில்லை.

இருவரும் போனார்கள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஜன்னலுக்கு முதுகு காட்டி அது உட்கார்ந்திருந்தது. மேப்புவின் சட்டை. மேப்புவின் பிடரி. பக்கத்தில் மனைவி பழம் உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லி மூவரும் சிரித்தார்கள்.

குழந்தை நிமிர்ந்தாள். பார்த்துவிட்டாள்.

சேறு, ரத்தம், கிழிந்த சட்டை... பயப்படவில்லை. மெதுவாக எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். மேப்பு கம்பிக்குள் கையை நீட்டினார். அந்தக் கையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள், உதடு மட்டும் அசைய. அவளுக்குத் தெரிந்திருந்தது. எது நகல், யார் அப்பா என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

பிறகு அந்தக் கையை ஒவ்வொரு விரலாக எடுத்து, கம்பிக்கு வெளியே தள்ளினாள். ஜன்னல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் ‘டக்’ என்று விழுந்தது.

உள்ளேயிருந்து மேப்புவின் குரல் கேட்டது. “யாரு கண்ணு வெளியில?”

“யாரும் இல்லப்பா.”